ஹார்பர் லைன்

ஃப்ரெடி என்ன வேலை பார்க்கிறான் என்று ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் "ஹார்பர் லைன்" என்பார்கள். பொய்யில்லை. துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்குமே, அந்த லைன்தான். வண்டி வண்டியாகக் கதவைத் தட்டிச் சோற்றுப் பொட்டலம் விற்பது அவன் உத்தியோகம்.

இதை அவனே தேர்ந்தெடுத்தான் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவன் அப்பா அருள்பிரகாசம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "ஐடிஐ படிடா, ஹார்பர்ல கண்ண மூடிகினு எடுத்துக்குவான்" என்றார். பையன் படித்து முடிப்பதற்குள் மூட்டை போய்க் கண்டெய்னர் வந்துவிட்டது, அதைத் தூக்கக் கிரேனும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் அப்பா ஒருவர்தான். பிறகு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். இவன் சேர்ந்த ராசியோ என்னவோ, முதலாளி கம்பெனியையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். எவனையும் நம்ப வேண்டாம் என்று ஷேர் ஆட்டோ எடுத்தான். அது லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகமாகிப் போனது.

அப்படி நின்ற ஒருநாள், பக்கத்து லாரியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நாமக்கல்காரர், பெயர் திருமலை.

"அண்ணே, காலையிலிருந்து பட்டினிங்க. வண்டிய விட்டு எறங்கினா எடம் போயிடும். சாப்பிட எதாச்சும் கெடைக்குமா?"

ஃப்ரெடி தன் மதியச் சோற்றை எடுத்து நீட்டினான். நெத்திலிக் குழம்பு. திருமலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பின்னால் நின்ற வண்டிகளுக்கெல்லாம் சத்தமாகச் சொல்லிவிட்டார். தொழில் அங்கேயே முடிவாகிவிட்டது. ஃப்ரெடியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெண் பார்க்கப் போனபோது மாமனார் இன்னாசி, "மாப்ள இன்னா லைன்ல கீறாரு?" என்றார்.

"ஹார்பர் லைன்" என்றார் அப்பா, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே. கப்பல் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு அங்கே சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கல்யாணம் முடிந்து பஸ்ஸில் போன பிலோமினா, கூடையும் கையுமாக லாரிக் கதவைத் தட்டும் புருஷனைப் பார்த்து நடுவழியிலேயே இறங்கிவிட்டாள்.

"யோவ், ஹார்பர் லைன்னியே?"

"ஆமா. இதான் அந்த லைனு. நேரா ஹார்பர் வரிக்கும் போவுது பாரு."

தலையில் அடித்துக்கொண்டாள். அழுதாள். மறுநாள், "இந்தக் கொழம்ப எவன்யா துன்னுவான்?" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கூடை ஒருநாளும் மிச்சத்தோடு வீடு திரும்பியதில்லை. மாதா கோயில் பூசையில், "இந்தப் போக்குவரத்து நெரிசல் நீங்க வேண்டுமென்று மன்றாடுவோம்" என்று சாமியார் சொல்லும்போது ஊரே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்னும். ஃப்ரெடி மட்டும் வாயைத் திறக்க மாட்டான்.

மகள் ஜூடி அந்த லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவள். லைன் போட்ட சோற்றில் படித்தாள். வேறென்ன படிப்பாள்? லாஜிஸ்டிக்ஸ். துறைமுகத்திலேயே வேலையும் கிடைத்தது. அன்று வீட்டுக்குள் குதித்துக்கொண்டே வந்தாள்.

"லாரிக்காரங்களுக்குப் போன்லயே டைம் குடுத்துடுவோம்ப்பா. அந்த டைமுக்கு வந்தா நேரா கேட்டுக்குள்ள பூந்துடலாம். நிக்கவே வாணாம்."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஃப்ரெடியின் கை நின்றது. "அப்ப லைனு?"

"லைனே இருக்காதுப்பா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிலோமினா அடுப்பை அணைத்தாள். ஜூடி மெதுவாக, "நான் வேற வேல பாத்துக்கறேன்பா" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவு ஃப்ரெடியின் கையில் இருந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதை மறைப்பானேன்? அதோடு, 'ஐடிஐ படிடா' என்று அவனுக்காக முடிவெடுத்த அப்பா முகமும் நினைவுக்கு வந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போடி இவளே! எனக்கு எவன் எவனோ வேல குடுத்தான், எவன் எவனோ புடுங்கினான். பெத்த பொண்ணு புடுங்கினா கௌரவமாத்தான் கீது. ஒழுங்கா போய் சேரு."

ஜூடி சேர்ந்தாள். சில மாதங்களில் அந்தப் புது ஏற்பாடு வந்தது. ஃப்ரெடிக்குத் தெரியும்தான், இருந்தாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அரசாங்கம் போட்ட பாலமே கோணிக்கொள்கிற ஊர், இது மட்டும் ஓடிவிடுமா என்று ஒரு நப்பாசை. சாலை காலியாகக் கிடந்தது. லாரிகள் சர் சர்ரென்று போயின. ஒன்றில் திருமலை. ஹாரன் அடித்தார், கையாட்டினார், நிற்கவில்லை. நிற்க அவருக்கு நேரமில்லை.

வாசலில் பிலோமினா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, எல்லாம் அப்டியே கீது?"

ஃப்ரெடி கூடையை இறக்கினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு.

"ஒண்ணுகூட போவல. உம் பொண்ணு வேலைய நல்லா கத்துகினுகீறா."