கோழிக்கு ஊசி கேட்ட கூட்டம்

சுனாமியில் என் கணவரின் தோணி போன பிறகு எங்கள் அடுப்பை எரியவைத்தவை கோழிகள். நிவாரணமாகக் கிடைத்த குஞ்சுகளைப் பெரியகல்லாற்றுப் புது வீட்டில் நான்தான் வளர்த்துப் பெருக்கினேன். போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. வெளிநாடுகளில் பறவைக் காய்ச்சல் என்று வானொலியில் சொல்லத் தொடங்கினார்கள்.

மிருக வைத்தியர் பலநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார். நோய் இங்கே வந்தால் சுற்றுவட்டாரக் கோழிகள் எல்லாவற்றையும் கொன்று புதைக்க வேண்டிவரும் என்றார். நான் எழுந்தேன்.

“வர முன்னமே ஊசி போட்டா என்ன, ஐயா? கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தந்த நீங்கதானே?”

“இது அப்படியில்ல, அக்கா. ஊசி போட்ட கோழி சாகாமலே நோயைக் காவிக்கொண்டு திரியும். வெளியில தெரியாது. ஆக்களுக்குத் தொத்தினா?”

அதில் நியாயம் இருந்தது. இருந்தும் நான் உட்காரவில்லை.

“அப்ப கூட்டுக்கு ரெண்டு கோழிய ஊசி போடாம விடுங்க. அதுகள் செத்தா நோய் வந்திட்டெண்டு தெரியும். நானே வந்து சொல்லுறன்.”

“அப்படிச் செய்யிற இடமும் இரிக்கு. ஆனா ஒவ்வொரு நாளும் ஆர் பாக்கிற? எல்லாரும் உங்களப் போல இல்லையே.”

“அப்ப எங்கள நம்பேலாதெண்டுதான் கொல்லப் போறீங்க!”

“கோழிக்கு வக்கீல் வந்திட்டா கா!” என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள். மண்டபமே சிரித்தது. வைத்தியரும் சிரித்துவிட்டு, தடுப்பூசி மேலிடத்து முடிவு என்றார்.

மறுநாளே வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்து கோழிகளை அரை விலைக்குக் கேட்டான். பயத்தில் அயலவர் பலர் கொடுத்தார்கள். கணவரும் கொடுக்கச் சொன்னார்.

“வாறத வாங்கு, புள்ள. பிறகு அதுகளப் புதைக்கக் கிடங்கு வெட்டுறதும் நான்தான்.”

“சண்டையில ஊர விட்டுப் போ எண்டாப் போனம், வா எண்டா வந்தம். வராத நோய்க்கு ஏன் நான் கோழிய விக்க? உங்கட பழைய வலையத் தாங்க.”

வாவிப் பறவைகளோடு கோழிகள் சேரக்கூடாது என்று வைத்தியர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். கம்புகள் நட்டு, வலையின் கிழிசல்களைத் தைத்து, முற்றத்துக்கு மேலே இழுத்துக் கட்டினேன். கணவர் முணுமுணுத்தபடியே மறுமுனையைப் பிடித்தார்.

போர் முடிந்தது. நோய் எங்கள் ஊருக்கு வரவில்லை, ஊசியும் வரவில்லை. நோய் வராததால் நான் கேட்டது பிழையாகிவிடாது. அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் போய் இருந்தேன்.

“ஊசிதானே, அக்கா?” என்றார் வைத்தியர்.

“ஓம். இந்த முறை மேலிடத்தையும் கூட்டிக்கொண்டு வந்திரிக்கலாம்.”