மருதமுனையில் கத்தார் நேரம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கல்முனைப் பக்கம் எந்த வீட்டில் கேம் கனெக்ட் ஆகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலையில் நான் தோற்றது குறைவு.

அன்று ஜும்ஆ முடிந்து மருதமுனையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மூத்த மகன் கத்தாருக்கு வேலைக்குப் போய் மூன்று கிழமை. அன்றுதான் அவனுக்கு முதல் லீவு. தம்பியோடு சேர்ந்து விளையாட லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே காத்திருந்தான். இங்கே தம்பியின் கம்பியூட்டர் சர்வருக்குள் போகவே இல்லை. போன் ஸ்பீக்கரில் காக்கா, அந்த மூத்தவன்தான், கத்தினான்.

"டேய், நெட் இல்லெண்டு கள்ளம் சொல்லாத! தோத்துருவாய் எண்டு பயம் ஒனக்கு!"

"போ காக்கா, ரவுட்டர நாலுதரம் ஓஃப் பண்ணிட்டன்."

நான் ரவுட்டரைத் தொடவில்லை. திரையின் மூலையைப் பார்த்தேன். மணி மூன்று, அது பன்னிரண்டரை காட்டியது.

"இந்த நேரத்த ஆரு மாத்தின?"

"நான்தான், மகன், தம்பிக்கிட்ட மாத்தச் சொன்ன," என்றார் தாய். "புள்ள இப்ப திண்டிருப்பானா, தொழுதிருப்பானா எண்டு பாக்கத்தான்."

நேரம் பிழையாக இருந்தால் சர்வர் உள்ளே விடாது. கத்தார் நமக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டரை மணித்தியாலம் எனக்கு மனப்பாடம். என் காக்காவும் கத்தாரில்தான் இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் அங்கேயே மௌத்தானார், அங்கேயே அடக்கினார்கள். இப்போதும் மணி பார்த்தால் மனம் தானாக இரண்டரையைக் கழிக்கிறது.

"சாச்சி, இத நம்மட நேரத்துக்குத் திருப்புறன். பயப்படாதீங்க, கத்தாருக்கு வேற மணிக்கூடு ஒண்டு பக்கத்துல வெச்சித் தாறன்."

சர்வர் திறந்தது. ஆனால் மேட்ச் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டே இருந்தது. தம்பி சிங்கப்பூர் சர்வரில் நின்றான், காக்கா அரபு நாட்டுச் சர்வரில். இரண்டு பேரையும் மும்பைக்கு மாறச் சொன்னேன். உடனே மேட்ச் விழுந்தது.

மேட்ச் விழுந்ததும் நான் எழும்புவதில்லை. ஆட்டத்துக்குள் குரல் கேட்டால்தான் வேலை முடிந்தது. கேட்டது.

"டேய் மடையா, எனக்குப் பின்னால வாடா!"

என் காக்காவும் இப்படித்தான் ஏசுவார். அழுதுவிட்டேன்.

"என்ன மகன்?"

"எங்கட காக்காவும் கத்தார்லதான் சாச்சி இரிந்தாரு. மௌத்தாகிட்டாரு."

அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பிக்காரன் திரும்பியே பார்க்கவில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்டம் முடியும்வரை லைன் ஒருதரமும் அறவில்லை.