மொட்டைச் செற்றுக்கு வந்த கோல்

டீசல் மணம் அந்தக் காலத்தில் எங்கள் கைகளை விட்டுப் போகவே போகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் பாணைப் பிய்த்து வாயில் வைத்தாலும் முதலில் டீசல்... பிறகுதான் பாண்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில் எசன் நகரில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கொம்பனியில் நானும் தவமும் லொறி ஓடினோம். தவம் என் வயதுக்காரன், யாழ்ப்பாணத்துக் கைதடியைச் சேர்ந்தவன். இங்கே வந்த பிறகுதான் பழக்கம். அப்போது இந்தப் பக்கத்தில் தமிழ் ஆட்களைத் தேடினாலும் கிடையாது. லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால்தான் எங்களுக்குத் தமிழ்.

அலுமாரிகளை நிமிர்த்தி வைத்து ஏற்றுவதற்காகவே கட்டிய லொறி அது. அப்படி ஒரு உயரம். பாலங்களைக்கூடச் சமாளிக்கலாம், முன்கூட்டியே பலகை போட்டிருப்பார்கள். எங்கள் உயிரை வாங்கியவை டீசல் அடிக்கப் போகும் பெற்றோல் செற்றுகள். கார்க்காரர் நனையக்கூடாதென்று எங்கே பார்த்தாலும் பதிந்த கூரை. ஒருமுறை டோட்முண்டில் கூரை விளிம்பொன்றைப் பெயர்த்துவிட்டு முதலாளியிடம் வாங்கிய ஏச்சு இருக்கிறதே... அது இங்கே எழுதக்கூடியதல்ல.

அதனால் கூரையில்லாத செற்றுகளாகப் பார்த்து மனதில் வைத்திருப்போம். அவற்றுக்குத் தவம் வைத்த பெயர் மொட்டைச் செற். கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் ஓடும் வீதியில் அப்படி ஒன்று இருந்தது. ஃபிராவ் கெஸ்லர் என்ற பெண் நடத்தினார். எங்கே ஓட்டம் இருந்தாலும் புதன்கிழமை மத்தியானம் டீசல் அடிக்க அங்கே நிற்போம்.

எங்களுக்கென்று ரெலிபோன் கிடையாது. அறை வாடகைக்குத் தந்தவள் தன் போனைத் தொடவிடமாட்டாள். கொம்பனி போன் கொம்பனி வேலைக்கு மட்டும். அதனால் ஊரிலிருந்து எடுப்பதற்கு இருவரும் கொடுத்து வைத்திருந்தது ஃபிராவ் கெஸ்லரின் செற் நம்பரைத்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்த நாட்டில் நாங்கள் குறித்த நேரத்துக்கு நிற்போம் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

தவத்தின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்ய நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் மகனோடு ஒருக்கால் கதைக்க வேண்டுமென்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் தங்கச்சி தபால் கந்தோருக்குக் கூட்டிவந்து கோல் எடுப்பதாக ஏற்பாடு. அது ஒரு புதன்கிழமை. வந்த பிறகு ஒருநாளும் அம்மாவின் குரலைக் கேட்காதவன் தவம்.

அதற்கு முந்தின கிழமை செற் முற்றத்தில் பெரிய குழிகள் வெட்டியிருந்தார்கள். விளக்குக் கம்பம் நடப்போகிறார்கள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் மண்டையில் அது ஓடவில்லை.

அன்று மழை. தவம் சவரம் எடுத்து, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். போனில் ஆளைத் தெரியாதடா என்று பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை.

செற் பக்கம் திரும்பினால்... அதற்குக் கூரை. புத்தம் புதிது, பதிந்த கூரை. தவம் லொறியைப் பாதி உள்ளே திருப்பிவிட்டான். முன்பக்கம் கூரையில் இடிக்காத குறை, பின்பக்கம் ட்ராம் பாதையில். பின்னால் ட்ராம் வந்து விடாமல் மணியடிக்கிறது. உள்ளே ரெலிபோனும் அடிக்கிறது. ஃபிராவ் கெஸ்லர் கதவில் நின்று கையைக் காட்டுகிறார்.

"நீ ஓடு. கோலைப் பிடிச்சு வைச்சிரு. நான் இதைப் பின்னுக்கு எடுத்திட்டு வாறன்" என்றான் தவம்.

ஓடினேன்.

"தம்பி... அம்மா கதைக்கிறன் ராசா."

நான் தவமில்லை, தவத்தின் சிநேகிதன், அவன் வருகிறான் என்று கத்தினேன். எங்கள் சத்தமே திரும்பிவந்து எங்கள் காதில் விழுகிற லைன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆம்பிளைக் குரல், தமிழ்க் குரல்... மகன்தான் என்று நினைத்துக் கதைத்துக்கொண்டே போனார். குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். தங்கச்சிக்கு ஒரு இடம் பொருந்தி வருகிறதாம். பிறகு சொன்னார்.

"நீ யோசியாதை. எனக்குப் பயமில்லை. உன்ரை குரலைக் கேட்டிட்டன், அது காணும்."

கண்ணாடியால் பார்க்கிறேன். தவம் லொறியைப் பின்னுக்கு எடுக்கப் படாத பாடு படுகிறான். நான் என்ன செய்ய? ஓம் அம்மா என்றேன். லைன் போய்விட்டது.

தவம் நனைந்துகொண்டு ஓடிவந்தபோது ரிசீவர் என் கையில்தான் இருந்தது. அதை வாங்கிக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தான். பிறகு நடந்ததைச் சொன்னேன், அவர் சொன்ன ஒவ்வொன்றையும்.

"நான் எண்டு நினைச்சே கதைச்சவ?"

"ஓம்."

"அப்ப சரி. அவ என்னோடை கதைச்சிட்டா."

அன்று டீசல் அடிக்க வேறு இடம் தேடி நெடுநேரம் அலைந்தோம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லையாம். தந்தி வந்தது.

இப்போது ஆட்டோபான் பெருந்தெருச் செற்றுகளில் லொறிகளுக்கென்று தனிவழி, உயரக் கூரை, குளிக்க இடம்கூட இருக்கிறது. என் மகள் அனுப்பும் குரல் செய்திகள் போனில் கிடக்கின்றன. பாதியைக் கேட்டும் பார்ப்பதில்லை, எங்கே போய்விடப்போகிறது என்ற துணிச்சல்.

தவம் இப்போது ஸ்டுட்கார்ட்டில். வயது போய்விட்டது. போன் எடுத்தால், சுகம் விசாரித்து முடிந்ததும், அன்றைக்கு அம்மா சொன்னதை ஒருக்கால் சொல்லு என்று கேட்பான். சொல்வேன். அதே வரிசையில், ஒரு சொல்லும் மாறாமல்.

சொல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அவரின் குரல்தான்... அது எப்போது என்னை விட்டுப் போனதென்றே தெரியவில்லை. இப்போது சொல்லும்போது எனக்குக் கேட்பது என் சொந்தக் குரல். அவன் அதில் தன் அம்மாவைத் தேடிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்.