ஜூன் மாதப் பட்டியல்

காலையில் கணினியைத் திறந்ததும் சிக்னே முதலில் பார்ப்பது நேற்றைய அலை உயரத்தை. நாலு மீட்டரைத் தாண்டியிருந்தால் காபியை அப்படியே வைத்துவிடுவாள். நார்வேயின் ஸ்டாவங்கர் துறைமுகத்தைப் பார்த்த அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அவளுக்கு ஒரே வேலை. வடகடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் எஃகுக் கால்களில் எந்த வெல்டிங் இணைப்பை எந்த வருடம் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஒவ்வோர் அலையும் எஃகை மயிரிழை வளைத்துவிட்டுப் போகிறது. வளைந்து வளைந்து ஒருநாள் விரிசல் விடும். ஒரு மேடையில் ஆயிரத்துக்கு மேல் இணைப்புகள். கோடைக்குள் பார்க்க முடிவது நாற்பது. "எது உடையும்னு மட்டும் பாத்தா போதாது. உடைஞ்சா எத்தன உசிரு போகும்னும் பாக்கணும்" என்பாள். கூட்டத்தில் யாராவது காகிதக் கிளிப்பை மடக்கி நிமிர்த்தி விளையாடினால் பிடுங்கிவிடுவாள். "விடு, அதுக்கும் ஒரு எண்ணிக்கை இருக்கு."

கயிற்றில் தொங்கி அந்த நாற்பதைப் பார்க்கிறவர்களில் ஒருவன் ஹால்வர், அவள் கணவன். பட்டியல் நீண்டால் அவன் கடலில் இருக்கும் நாளும் நீளும். அவன் இல்லாதபோது அவன் தலையணை உறையைத் துவைக்க அவளுக்கு மனசு வராது.

போன வருடம் ஜூனில் இருவரும் மலைக் குடிலுக்குப் போவதாக இருந்தது. மார்ச்சில் தெற்குக் காலின் ஓர் இணைப்பு, கணக்கில் ஆபத்து வரம்பை ஒட்டி வந்து நின்றது.

"இன்னும் வரம்புக்குள்ளதானே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ ரெண்டு வருஷமா லீவே போகல" என்றார் மேலாளர் ஷேட்டில்.

"குளிர்காலத்துப் புயல் நாலும் இந்தக் கணக்குல இல்ல." சேர்த்துப் போட்டாள். அதைப் போய்ப் பார்க்க வேண்டிய தேதி ஜூனுக்கு வந்தது.

அன்று மாலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஹால்வர் கேட்டான். "அப்ப குடிலு?"

"உன் பொண்டாட்டியக் கேளு" என்றாள் சிக்னே.

"அவகிட்ட கணக்குல ஜெயிக்க முடியாதே."

ஜூன் பதினெட்டாம் தேதி மேடையிலிருந்து ஹால்வரின் போன் வந்தது. "விரிசல் இருக்கு சிக்னே. என் சுண்டுவிரல் நீளம்." பின்னால் காற்று இரைந்தது. "சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் இருக்கச் சொல்றாங்க. நடுக்கோடைத் திருவிழா நெருப்புக்கு ஊருக்கு வர முடியாது."

"ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

ஒன்றில் விரிசல் கண்டால் பக்கத்து மூன்றின் மீதும் சந்தேகம் கூடும். சிக்னே அவற்றை ஆகஸ்ட் பட்டியலில் சேர்த்தாள். யார் பார்ப்பது என்ற கட்டம் மிச்சம் இருந்தது. அந்த இடுக்கில் உடம்பை நுழைத்துப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் பெயரின் முதல் எழுத்தை அடித்தாள். மீதியைக் கணினியே நிரப்பிக் காட்டியது. சிக்னே அதை அழித்தாள். பிறகு முழுப் பெயரையும், ஓர் எழுத்து விடாமல், மெல்லத் தானே அடித்தாள்.