ஆணியில் தொங்கிய நீலப் படங்கு

பால் குடித்து முடித்த நாய்க்குட்டியின் வாயில் ஒரு வாசம் வரும். காய்ச்சாத பாலும் ஈர மண்ணும் கலந்தது போல, லேசாகப் புளித்த வாசம். எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் மண்டியிட்டுக் குனிந்து, ஐந்து குட்டிகளின் வாயையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஆடி மாதம் அது.

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் "லைன்" எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா செடிகளுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான். கம்பெனி நோட்டீஸ், மாத்திரை அட்டை, ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை என்று எதுவானாலும் லைன்காரர்கள் என்னிடம்தான் நீட்டுவார்கள். "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. என் காதில் மரியாதை மட்டும்தான் விழுந்தது.

அப்பா ஒருநாள் கொண்டுவந்த காலி மருந்து டின்னில் ஒட்டியிருந்ததையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும், மருந்து பட்ட உடையைத் தனியே துவைக்க வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் பொடி எழுத்தில் இருந்தது. அன்றைக்கே டின் குப்பைக் குழிக்குள் போனது. அப்பா மருந்தடிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் நீலப் "படங்கு", அந்த ரப்பர் பூசிய கனத்த விரிப்பு, வீட்டுக்குள்ளிருந்து வெளிச்சுவரில் அடித்த ஓர் ஆணிக்கு மாறியது. "மருந்துத் துணி வாசப்படி தாண்டக் கூடாது" என்று அம்மா சட்டம் போட்டாள். அந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான் என்பதில் எனக்கு ஏகப் பெருமை.

குட்டி போட்டது செவலை. யாருடைய நாய் என்று சொல்ல முடியாது. ஆறு வீட்டுக் கஞ்சியும் அதற்கு உண்டு. கண் திறக்காத குட்டியில் மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பெரியவர்கள் சொன்னதால், பன்னிரண்டு நாள் நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை மட்டும் பார்த்தோம். கண் திறந்ததும் என் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. லைன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, நோட்டில் குட்டிகளின் வருகையைக் குறித்து "ஹாஜர்" எடுத்தேன். குட்டியைத் தூக்கக் கூடாது, உள்ளங்கையை விரித்து வைத்தால் அதுவே வரும், ஊசிப் பல்லால் கடித்தால் கையை உதறாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுதினேன். எல்லா விதியையும் மீறியவள் என் தங்கை மலர். மூன்று வயது. ஏதாவது ஒரு குட்டியின் காதைப் பிடித்தபடியேதான் இருப்பாள். அவள் கைகள் இரண்டிலும் எப்போதும் சிவப்புக் கீறல்கள் இருக்கும். செவலை அவளையும் ஒரு குட்டியாகச் சேர்த்துக்கொண்டு அவள் மூக்கைத் துடைத்துவிடும்.

நான்காவது வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மழை விட்டு வெறித்தபோது அவசர அவசரமாக மருந்தடித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் கொட்டத் தொடங்கவே, அப்பா படங்கைக் கழுவாமல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார். நான் கொட்டகைக்குப் போனபோது குட்டிகளுக்கு விரித்திருந்த சாக்கு ஊறித் தண்ணீர் நின்றது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. அந்த லைனில் தண்ணீர் இறங்காத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுக்கும்போது டின்னில் இருந்த எழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. வாசப்படியைத் தாண்டவில்லையே, கொட்டகைக்குத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே படங்கை விரித்து, மேலே அம்மாவின் பழைய சேலையை இரண்டாக மடித்துப் போட்டு, குட்டிகளைத் தூக்கி வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பெரியவர்கள் மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் மலர் கொட்டகைக்குள் புகுந்து குட்டிகளோடு படுத்துக் கிடந்திருக்கிறாள். போய்ப் பார்த்தபோது இரண்டு குட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்து காலை இழுத்துக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் வாயில் நீர் வடிய நின்று தள்ளாடின. அவற்றை நக்கிக்கொண்டே இருந்த செவலையின் வாயிலும் நுரை.

இரவுக் காவல் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரியப்பன் மாமாவை மற்ற பிள்ளைகள்தான் எழுப்பிவந்தார்கள். அவருடைய தம்பி சிறுவயதில் வெறிநாய் கடித்து, தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறிச் செத்த கதை லைனில் எல்லோருக்கும் தெரியும். அவர் நுரையைப் பார்த்தார். பிறகு மலரின் கைக் கீறல்களைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"வெறிதான். இனி பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளயத் தூக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுளா, ஊசி போடச் சொல்லு. இத நான் பாத்துக்கிடுதேன்."

சேலை மடிப்புக்கு வெளியே படங்கின் நீல ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. நான் அதைக் கால் பெருவிரலால் உள்ளே தள்ளினேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த விரலில் ரப்பரின் வழவழப்பு இருக்கிறது. வெறி இல்லை, அது மருந்து என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால், டின்னை வாசித்துக் காட்டியவளே அந்தத் துணியை விரித்தாள் என்று ஆகும். அதன் பிறகு யார் என்னிடம் காகிதத்தை நீட்டுவார்கள்?

மாமா கயிற்றைக் கழுத்தில் மாட்டியபோது செவலை வாலை ஆட்டியது. தள்ளாடிக்கொண்டே அவர் பின்னால் கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கம் போனது. நான் மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே இறங்கினேன். பாதிச் சரிவில் பின்னாலிருந்து ஒரே ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மலர் என் தோளில் வாந்தி எடுத்தாள். அவள் வாயிலிருந்து கோழை நூலாக வடிந்தது. அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கருவிழியின் நடுப்புள்ளி கடுகளவு சுருங்கிக் கிடந்தது. அவளுடைய கால் என் இடுப்பில் துடித்தது, அந்தக் குட்டிகளின் கால் துடித்தது போலவே. அதன் பிறகு நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கைக் கீறல்களைப் பார்த்து நாய்க்கடி என்று சீட்டு எழுதத் தொடங்கியிருந்தார். "சார், நாய் இல்ல. அப்பாவோட மருந்துப் படங்கு. நான்தான் விரிச்சேன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்ன மருந்து என்று கேட்டார். டின்னில் இருந்த பெயரை ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். மலரின் சட்டையைக் கழற்றி எறிந்து, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஓர் ஊசி போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வட்டவடைக் கிராமத்திலிருந்து கேரட் மூட்டைகளோடு வந்த ஜீப்பை மறித்தார்கள். ஓட்டுநர் மூட்டைகளை ரோட்டோரம் தள்ளி இடம் செய்தார். அந்த மருந்தின் பெயரை நான் தெரிந்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அம்மா அதை எல்லோரிடமும் சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மூன்றாம் நாள் மலரோடு திரும்பியபோது விறகுக் கொட்டகை காலியாக இருந்தது. மூன்று குட்டிகள் பிழைத்திருந்தன. விஷயம் தெரிந்ததும் மாரியப்பன் மாமா அவற்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, துணித் திரியைப் பாலில் நனைத்து மணிக்கணக்காக வாயில் வைத்துக்கொண்டிருந்தாராம். செவலை எங்கே என்று மலர் கேட்டாள். "புலி கொண்டுபோச்சு" என்றார் அவர். லைன் முழுவதும் அதையே சொன்னது. நானும் சொன்னேன்.

ஓய்வுபெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சில வருடங்களில் மாமா தென்காசிப் பக்கம் தன் ஊருக்குப் புறப்பட்டார். கட்டில், பாத்திரம் ஏற்றிய வண்டியில் அந்த மூன்று குட்டிகளில் மிச்சமிருந்த ஒன்றும் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ சொல்லல, நானும் கேக்கல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார், என்னைப் பார்க்காமல்.

இப்போது நான் சம்பளம் வாங்கும் டீச்சர். எங்கள் லைனில் இரண்டு வீடுகளில்தான் விளக்கு எரிகிறது. கேஸ் வந்ததும் விறகுக் கொட்டகை சரிந்து அதன்மேல் காட்டுச்செடி படர்ந்துவிட்டது. டீச்சரம்மா என்று கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் மலை இறங்கிவிட்டார்கள். வெளிச்சுவருக்குப் புதிதாகச் சாந்து பூசியதில் ஆணி இருந்த இடமும் தெரியவில்லை. மலர் கல்லூரியில் படிக்கிறாள். அன்றைய தினத்தில் அவளுக்கு நினைவிருப்பது ஜீப்பும், அதில் காலடியில் உருண்ட கேரட்டும்தான். விடுதியைச் சுற்றும் நாய்களுக்கெல்லாம் சோறு வைக்கிறாள். நான் எழுதுவதை எல்லாம் அவள்தான் முதலில் வாசிப்பாள்.

மலர், அன்றைக்குப் புலி வரவில்லை.