மாடி வீட்டுக்காரியின் பென்டிரைவ்

பென்டிரைவைச் செருகினாலே அதிலிருப்பதைத் தானாக நகலெடுத்துக்கொள்ளும்படி என் கம்ப்யூட்டரை அமைத்து வைத்திருந்தேன். யாருடைய பென்டிரைவ் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

முத்தியால்பேட்டையில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தவள் ஒருமுறை என்னிடம் பிரின்ட் எடுக்க வந்தாள். பிறகு பென்டிரைவைத் தொலைத்துவிட்டு, "பாப்பா போட்டோல்லாம் போச்சுக்கா" என்று அழுதாள். என் கம்ப்யூட்டரில் தேடினேன். எல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தன. கூடவே, என் தண்ணீர் மோட்டார் சத்தத்தைப் பற்றி வீட்டு ஓனருக்கு அவள் எழுதிய புகாரும் இருந்தது. சத்தம் உண்மைதான். அதற்காக இரண்டு பக்கத்துக்கா எழுதுவது?

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வேறொரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே வந்தாள்.

"ஒரு ஃபைல் மட்டும் காணோம்க்கா."

"எதுன்னு சொல்லு, தேடித் தரேன்" என்றேன், மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தி.

அவள் மோட்டாரைப் பார்த்தாள்.

"விடுங்கக்கா, புதுசாவே எழுதிக்கறேன்."