பலகையில் எழுதினால் கள்ளமில்லை

ஒதிலியா மினாயா சிம்போத்தே துறைமுகத்தில் இருபது வருஷம் மீன் டப்பா அடைத்தவள். மூடிய டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே ஒரு துண்டு குறைகிறது என்று சொல்லிவிடுவாள். மேற்பார்வையாளர் திறந்து பார்ப்பார், குறைந்திருக்கும். அந்த ஆலை மூடியபோது கைக்கு வந்த தொகையில் மற்றவர்கள் தையல் மிஷின் வாங்கினார்கள். இவள் ஆறு பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளும் ஆறு டிவிகளும் வாங்கி, முன்னறையில் வரிசையாக வைத்து, மணிக்கு ஒரு சோல் காசு என்று கதவைத் திறந்துவிட்டாள்.

நான் பக்கத்து வீடு. பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். கணினி பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் அவள்தான் எனக்குக் காட்டினாள்.

அவள் கடையில் இருந்தவை எல்லாம் பின்பக்கம் ஒரு வாய் உள்ள சாம்பல் நிறப் பெட்டிகள். பிறகு வந்த மாடல்களில் அந்த வாயை அடைத்துவிட்டார்கள். "வாயில்லாததுகிட்ட நான் என்ன பேசறது?" என்பாள் ஒதிலியா. அந்த வாயில்தான் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் செருகுவாள். விளையாட்டு ஓடும்போது அந்தக் கட்டை உள்ளே புகுந்து எண்களை மாற்றும். மூன்று உயிர் தொண்ணூற்றொன்பது ஆகும், பூட்டிய கதவு திறக்கும். தெருவில் எல்லோரும் அதைக் 'கள்ளி' என்றே கூப்பிட்டோம். ஒருமுறை பந்தயக் கார் ஒன்றின் எடையைக் கள்ளியை வைத்து முழுதாக எடுத்துவிட்டாள். கார் திரையை விட்டு மேலே போனது, போனதுதான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து டிவியில் பந்தாட்ட மைதானத்தின் நடுவே வந்து இறங்கியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அங்கேதான் இருந்தேன்.

இவ்வளவு கள்ளத்தனம் நடந்த கடையில் சண்டை வந்ததில்லை. காரணம், கதவோரம் மாட்டியிருந்த கரும்பலகை. அன்றைக்கு எந்தப் பெட்டியில் என்ன கோடு, அதாவது எண்ணை மாற்றும் கட்டளை, ஓடுகிறது, அது யாருக்கு என்ன செய்யும் என்று சாக்கட்டியால் எழுதிவிடுவாள். எழுதியது நியாயம், எழுதாதது திருட்டு. அவ்வளவுதான் சட்டம். மூன்று வருஷத்துக்கு முன் எதிர்க்கடைக்காரன் பொலிகார்ப்போ தன் கடைப் போட்டியில் யாருக்கும் சொல்லாமல் தன்னிடம் இருந்த கள்ளியால் தன் கோல் கம்பங்களை நெருக்கிவைத்து ஆடினான். ஒதிலியா அதைக் கண்டுபிடித்து, தன் பலகையின் மேல் மூலையில் எழுதினாள்: 'பொலிகார்ப்போ எழுதாமல் ஆடினான்.' மற்றதெல்லாம் தினமும் அழிந்தது. அந்த வரி மட்டும் அழியவில்லை. மங்கும்போதெல்லாம் மேலே இன்னொரு தரம் எழுதிவிடுவாள்.

நெத்திலி பிடிக்கத் தடை போடும் மாதங்களில் மீனவர்களுக்கு வேலை கிடையாது. மீன்மாவு ஆலைகளின் புகைபோக்கிகள் சும்மா நிற்கும், துவைத்த துணியில் நாற்றம் ஏறாது, ஒதிலியாவின் கடையில் உட்கார இடம் கிடைக்காது. 'தூல்சே மரியா' என்ற படகின் ஆட்கள் மொத்தமாக வந்துவிடுவார்கள். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. மூத்தவன் நிக்கானோர், வலை இழுக்கும் சுழல்கட்டையைப் பார்ப்பவன். இளையவன் எவரிஸ்தோ, எஞ்சின்காரன். ஒவ்வொரு தடைக்காலத்துக்கும் இருவருக்கும் ஒரே ஒரு பந்தாட்டம் கணக்கு. தோற்றவன் அடுத்த பருவம் முழுக்கப் படகில் பாத்திரம் கழுவ வேண்டும். பதினோரு பேர் தின்ற மீன் குழம்புச் சட்டிகள், உப்புத் தண்ணீரில்.

நிக்கானோர் நன்றாக ஆடுகிறவன். நான்கு பருவத்துக்கு முன் சுழல்கட்டை அவனுடைய வலதுகை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டில் ஆள் ஓட வேண்டுமென்றால் வலது பக்கத் தோள் பொத்தானை ஆட்காட்டி விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், பொத்தானை இடம் மாற்றவும் வழியில்லை. அன்றிலிருந்து அவனுடைய பதினோரு ஆட்களும் மைதானத்தில் நடந்தார்கள். மூன்று பருவம் பாத்திரம் கழுவினான். நான்காவதில் எவரிஸ்தோ வேண்டுமென்றே தன் கோலில் ஒன்று போட்டுக்கொண்டான். நிக்கானோர் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனான். அந்தப் பருவமும் பாத்திரம் அவனே கழுவினான்.

ஐந்தாவது தடைக்காலத்தின் முதல் வாரமே அவன் ஒதிலியாவிடம் வந்தான்.

"அக்கா, ஓட்டத்த இடது கைக்கு மாத்த முடியுமா?"

"மாத்தலாம். பலகைல எழுதுவேன்."

"எழுதுங்க. பெருசா எழுதுங்க. இரக்கப்பட்டு ஜெயிக்க விடறதவிட கள்ளத்தனம் எவ்வளவோ மேல்."

பதினோரு நாள் தேடினாள். பொத்தானை அழுத்தும்போது எந்த எண் மாறுகிறது, விட்டால் எது பழையபடி ஆகிறது என்று கணினியில் வரிசை வரிசையாகச் சலித்து, குறைந்த துண்டைக் கண்டுபிடித்தாள். கோடு கிடைத்தது. ஆனால் அந்த விளையாட்டு கெட்டிக்காரத்தனமானது. பின்னால் கள்ளி இருப்பதை மோப்பம் பிடித்தால் திரையைக் கருப்பாக்கிவிடும். கள்ளிக்குப் புதுப் பதிப்பு ஏற்றினால் அது ஒளிந்துகொள்ளும். கணினியிலிருந்து கம்பி வழியே எழுத வேண்டும், நான்கு நிமிஷ வேலை. அந்த நான்கு நிமிஷத்தில் மின்சாரம் கண் சிமிட்டினால் கள்ளி தான் யார் என்பதையே மறந்துவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம்: புகைபோக்கியில் புகை தெரிந்தால் யாரும் கள்ளிக்கு எழுதுவதில்லை. ஆலைகள் ஓடத் தொடங்கினால் ஊர் விளக்கெல்லாம் மங்கும்.

சனிக்கிழமை சாவகாசமாக எழுதலாம் என்று இருந்தாள். வியாழன் மதியம் வானொலியில் அறிவிப்பு வந்தது: சொன்ன நாளுக்கு முன்பே தடை நீங்கியது. 'தூல்சே மரியா' மாலை ஐந்துக்குப் புறப்படும்.

ஒதிலியா வாசலுக்கு வந்து புகைபோக்கிகளைப் பார்த்தாள். புகை இல்லை.

"கொதிகலன் சூடாக ஆறு மணி நேரம் ஆகும். எனக்கு நாலு நிமிஷம் போதும்," என்றாள் என்னிடம்.

"சனிக்கிழமை மனசோட வியாழக்கிழமை வேலை பாக்காத," என்றேன்.

"டீச்சரம்மா, நான் ஆலைக்குள்ள இருபது வருஷம் இருந்தவ."

அதுதான் தப்பு. ஆலைக்குள் இருந்தவளுக்குத் தெரியாததா, மீனவனுக்கு மதியம் கிடைக்கும் செய்தி முதலாளிகளுக்கு முந்தின நாளே கிடைத்துவிடும் என்று. கொதிகலன்கள் காலையிலிருந்தே, புகை தெரியாத அளவுக்கு மெதுவாகச் சூடாகிக்கொண்டிருந்தன. மூன்றாவது நிமிஷம் எட்டு ஆலைகளும் ஒன்றாக விழித்தன. பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, மறுபடி வெள்ளையானது. கணினி அணைந்து எழுந்தது. கள்ளி எழவில்லை.

அதைச் செருகினால் பெட்டி கருப்பாக நின்றது. எடுத்துவிட்டால் பெட்டி ஓடியது, ஆனால் கள்ளிக்கு எழுத அதனுள்ளே இருக்கும் நிரலே வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. நிக்கானோர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாயில்லக்கா, சட்டி கழுவிக் கழுவிக் கை மெத்துன்னு ஆயிடுச்சு," என்றான். ஒதிலியா அவனைப் பார்த்த பார்வையில் ஒரு நெத்திலிக் கூட்டமே கரை ஒதுங்கியிருக்கும்.

"உக்காரு. இன்னும் மணி ஒண்ணரைதான்."

நேரே தெருவைத் தாண்டினாள். நானும் பின்னால் போனேன். இந்தக் காட்சியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார நான் என்ன பைத்தியமா? பொலிகார்ப்போ எலுமிச்சையில் ஊறவைத்த பச்சை மீனான செவிச்சேயைத் தின்றுகொண்டிருந்தான். கரண்டி பாதி வழியில் நின்றது.

"உன் கள்ளி வேணும், பொலி. அத வச்சுப் பெட்டிய எழுப்பிட்டு, ஓடும்போதே அத உருவிட்டு, செத்தத சொருகி எழுதணும்."

"ஓடும்போதேயா? என்னோடதும் போச்சுன்னா?"

"போகாது."

"மூணு வருஷமா என் பேர வாசல்ல தொங்கவிட்டிருக்க. என் அம்மா அந்தப் பக்கமா கோயிலுக்குக்கூடப் போறதில்ல. இப்ப கள்ளி வேணுமா?"

"ஆமா."

"பேர அழி. தர்றேன்."

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் ஓடிப்போய் அழித்திருப்பார்கள். நானே முந்தானையால் அழித்திருப்பேன். ஒதிலியா அசையவில்லை.

"நடந்தத அழிச்சா நாளைக்கு நான் எழுதறத எவன் நம்புவான்? அழிக்க மாட்டேன். கீழ இன்னொரு வரி எழுதறேன். இன்னிக்கு நீ தந்தத."

பொலிகார்ப்போ ஒரு எலுமிச்சைத் துண்டை முழுதாகப் பிழிந்து முடிக்கும் வரை யோசித்தான்.

"அதே அளவு எழுத்துல எழுதணும்."

"அதே அளவுல."

"உருவறது நான்தான். என் பொருள்ல வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"கோணாம உருவுவியா?"

"என்னப் பத்தி என்னதான் நினைச்சிட்டிருக்க நீ?"

"அதத்தான் வாசல்ல எழுதிருக்கேனே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கள்ளியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

மின்சாரத்தைத்தான் நம்ப முடியாது. ஆலைகள் இப்போது முழுமூச்சில் இருந்தன, மீன் வருமுன்பே போன பருவத்து மாவு சூடாகித் தெரு முழுக்க அந்த வாடை. அது அன்றைக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தது என்றால் என் பூனை அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் திரும்பியபோது வாசலில் எவரிஸ்தோ ஒரு தள்ளுவண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். படகு ரேடியோவின் பேட்டரியும் இன்வர்ட்டரும் அதில் இருந்தன.

"யாரு எடுத்திட்டு வரச் சொன்னது?" என்றான் நிக்கானோர்.

"யாரும் சொல்லல. கரண்ட் போனதால நான் ஜெயிச்சேன்னு கடல்ல ஆறு வாரம் கேக்க முடியாது. சீக்கிரம் முடிங்க, கேப்டனுக்குத் தெரிஞ்சா என்னத் தண்ணில போட்டுடுவாரு."

கணினியும் பெட்டியும் சின்ன டிவியும் பேட்டரியில் ஓடின. பொலிகார்ப்போவின் கள்ளி பெட்டியை எழுப்பியது. ஒதிலியா செத்த கள்ளியை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"இப்ப."

பொலிகார்ப்போ முள்ளை உருவுவதுபோல நேராக உருவினான். ஒதிலியா செத்ததை நேராகச் செருகினாள். டிவியில் படம் ஒரு முறை நடுங்கி நின்றது. கம்பியில் எழுத்து போகத் தொடங்கியது. அந்த நான்கு நிமிஷமும் அறையில் யாரும் மூச்சு விடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தே இதைச் சொல்கிறேன். நூறு என்று வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டாள். கள்ளி புது முகத்தோடு திரையில் வந்து நின்றது. பொலிகார்ப்போ தன்னுடையதைத் தன் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, உயிரோடு இருக்கிறது என்று கையை ஆட்டினான்.

ஒதிலியா முதலில் பலகைக்குப் போனாள். 'இரண்டாம் பெட்டி: நிக்கானோருக்கு ஓட்டம் இடது கையில்.' பிறகு மேல் மூலையில், பழைய வரிக்கு நேர் கீழே, அதே அளவில்: 'பொலிகார்ப்போ கேட்டதும் தந்தான்.' கேட்டதும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். 

மணி மூன்றே கால். முதல் பாதியில் நிக்கானோருக்குப் பழைய பழக்கம் போகவில்லை. நடக்கிற ஆட்களை வைத்து ஆடி ஆடி, ஓட்டம் கையில் இருப்பதையே மறந்தான். எவரிஸ்தோ இரண்டு போட்டான், இரக்கமே இல்லாமல்.

"அண்ணே, இடது கை எதுக்கு? மூக்கு சொறியவா?"

"பேசாம ஆடுடா."

இரண்டாம் பாதியில் அவனுடைய இடதுசாரி ஆள் கோட்டோரம் பிய்த்துக்கொண்டு ஓடினான். நான்கு பருவம் நடந்தவன் ஓடுகிற ஓட்டம் அது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒன்று. பிறகு மூலையிலிருந்து தலையால் இன்னொன்று. மூன்றாவது, கடைசி நிமிஷத்தில், எவரிஸ்தோவின் கோல்காரன் முன்னால் வந்து மறிக்க, அவன் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கிவிட்டது. அதற்கு ஓட்டமே தேவைப்படவில்லை.

எவரிஸ்தோ கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பிப் பலகையைப் பார்த்தான். எல்லாம் அங்கே எழுதியிருந்தது.

"நல்லா ஆடினண்ணே," என்றான்.

"தெரியும்," என்றான் நிக்கானோர். பேட்டரி வண்டியின் ஒரு பக்கத்தை அவனே பிடித்துத் தூக்கினான்.

ஐந்து மணிக்குப் படகு புறப்பட்டபோது நானும் ஒதிலியாவும் துறைமுகத்தில் நின்றோம். பின்தளத்தில் மதியச் சாப்பாட்டுச் சட்டிகள் குவிந்திருந்தன. எவரிஸ்தோ சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்று கத்தினான், "சட்டி தன்னால கழுவிக்கிற கோடு ஏதாவது இருக்கா?"

"இருந்தா பலகைல எழுதறேன்," என்றாள் ஒதிலியா.